கார்டிசோல் ரத்தப் பரிசோதனை: காலை 8 மணிக்கு ஏன்? அந்த எண் என்ன சொல்கிறது?

டிக்டாக்கைத் திறந்தாலே "கார்டிசோல் முகம்" பற்றி யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள். முகம் கொஞ்சம் உப்பியிருந்தால் கார்டிசோல். தூக்கம் வராவிட்டால் கார்டிசோல். தொப்பை போட்டாலும் கார்டிசோல்தான். கடைசியில் ஒரு மாத்திரையையோ ஒரு பானத்தையோ விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நீங்களும் ஒருவேளை யோசித்திருக்கலாம்: "பேசாம ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சு பார்த்துடலாமா?"

செய்யலாம். ஆனால் அது கொலஸ்டிரால் பரிசோதனை மாதிரி இல்லை. எந்த நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள், நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், நேற்று இரவு தூங்கினீர்களா என்பதைப் பொறுத்து எண்ணின் அர்த்தமே மாறிவிடும். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ மூட்டு வலிக்கு "நாட்டு மருந்து" சாப்பிட்டுவந்தால், இந்தப் பரிசோதனை அவர்களின் உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒன்றாகவும் இருக்கலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

கார்டிசோல் என்றால் என்ன?

உங்கள் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்ததுபோல் ஆளுக்கொரு சிறிய சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் அட்ரினல் சுரப்பி. அதன் உள்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. வெளிப்பகுதி கார்டிசோலைச் சுரக்கிறது.

"மன அழுத்த ஹார்மோன்" என்று அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால் ஏதோ வில்லன் மாதிரி இருக்கும். ஆனால் கார்டிசோல் இல்லாமல் நாம் உயிர்வாழ முடியாது. ரத்தத்தில் சர்க்கரை அளவு சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, வீக்கத்தைக் கட்டுப்படுத்துவது, காய்ச்சலோ விபத்தோ அறுவை சிகிச்சையோ வந்தால் உடலைத் தயார்ப்படுத்துவது எல்லாம் அதன் வேலை.

அதற்கு மேலதிகாரிகளும் உண்டு. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் அனுப்பும். பிட்யூட்டரி, ஏசிடிஎச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்பும். அதைக் கண்டதும் அட்ரினல் கார்டிசோலைச் சுரக்கும். கார்டிசோல் போதுமான அளவு வந்ததும் "சரி, போதும்" என்று மூளை ஏசிடிஎச்சைக் குறைத்துக்கொள்ளும்.

இந்தச் சங்கிலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் மாத்திரைக் கதைக்கு அதுதான் சாவி.

மருத்துவர் எப்போது இந்தப் பரிசோதனையைக் கேட்பார்?

களைப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பொதுவாகக் கேட்கமாட்டார். இரண்டு சந்தேகங்களில் ஒன்று அவருக்கு வந்திருக்க வேண்டும்.

முதல் சந்தேகம்: கார்டிசோல் மிக அதிகம். இதற்குக் குஷிங் நோய்க்குறி என்று பெயர். அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங்கின் பெயரால் வந்தது. அடையாளங்கள்:

- முகம் வட்டமாக உப்பிப்போவது, கழுத்தின் பின்புறம் கொழுப்பு சேர்வது
- வயிறு பெருத்து, கையும் காலும் மெலிவது
- வயிற்றிலும் தொடையிலும் அகலமான, ஊதா நிறக் கோடுகள்
- லேசாக இடித்தாலே கன்றிப்போகும் தோல்
- நாற்காலியிலிருந்து எழவும் படியேறவும் சிரமப்படும் அளவுக்குத் தசைப் பலவீனம்
- புதிதாக வந்த நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு

எடை கூடுவது மட்டும் குஷிங் அல்ல. தோல் மெலிந்து கன்றுவது, ஊதாக் கோடுகள், தசைப் பலவீனம் ஆகியவைதான் மருத்துவரை நிமிர்ந்து உட்காரவைக்கும்.

இரண்டாவது சந்தேகம்: கார்டிசோல் மிகக் குறைவு. அட்ரினல் சுரப்பியே பழுதடைந்தால் அது அடிசன் நோய். லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855ஆம் ஆண்டில் அதை விவரித்து எழுதினார். அந்தக் காலத்தில் காசநோய் அட்ரினலைத் தின்றுவிடுவது முக்கியக் காரணமாக இருந்தது. இன்று பல நாடுகளில் உடலின் நோய் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதுதான் முதன்மைக் காரணம். காசநோய் அதிகமுள்ள இடங்களில் அந்தப் பழைய காரணமும் இன்னும் போய்விடவில்லை.

அடையாளங்கள்: தீராத களைப்பு, எடை குறைவது, குமட்டல், வயிற்று வலி, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும் என்ற அடங்காத ஆசை. ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடியிருக்கலாம்.

இன்னோர் அடையாளம் நமக்கு மிக முக்கியம். அடிசன் நோயில் தோல் கறுக்கும். "வெயில்ல அலைஞ்சியா?" என்று கேட்டுவிட்டு வீட்டார் விட்டுவிடுவார்கள். மாநிறமோ கருநிறமோ உள்ளவர்களிடம் மருத்துவர்கூட அதை எளிதில் தவறவிடலாம். அதனால் வெயில் படாத இடங்களைப் பாருங்கள்: உள்ளங்கை ரேகைகள், ஈறுகள், வாயின் உட்புறம், பழைய தழும்புகள். சில மாதங்களுக்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் உதவும். மருத்துவரிடம் "என் நிறம் இது இல்லை, மாறியிருக்கு" என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் நிறம் உங்களுக்குத்தான் தெரியும்.

ஏன் காலை 8 மணி?

கார்டிசோல் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விடியுமுன்பே ஏறத் தொடங்கும். கண்விழித்து அரை மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் இன்னும் ஒரு சிறு எழுச்சி வரும். பிறகு நாள் முழுவதும் படிப்படியாக இறங்கி, நள்ளிரவையொட்டி அடிமட்டத்துக்குப் போய்விடும்.

காலையில் சாதாரணமாக இருக்கும் அதே எண், நள்ளிரவில் இருந்தால் பிரச்சினை. மாலையில் சாதாரணமாக இருக்கும் எண், காலையில் இருந்தால் அதுவும் பிரச்சினை.

எனவே, கார்டிசோல் குறைவா என்று பார்க்க அது உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில், அதாவது காலை 8 அல்லது 9 மணிவாக்கில் ரத்தம் எடுப்பார்கள். மதியம் 2 மணிக்கு "இப்பத்தான் ஆபீஸ்ல பிரேக் கிடைச்சது" என்று போய்க் கொடுத்தால், குறைந்த எண் வரத்தான் செய்யும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கார்டிசோல் அதிகமா என்று பார்க்க நேர் எதிர்: அது அடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் எடுத்த ஒற்றை ரத்தப் பரிசோதனை குஷிங்கைக் கண்டுபிடிக்க உதவாது. இணையத்தில் விற்கும் "மன அழுத்தப் பரிசோதனைத் தொகுப்பு" பலவற்றின் அடிப்படைப் பிரச்சினையே இதுதான்.

இரவு வேலை பார்ப்பவரா? விமான நிலையம், மருத்துவமனை, பாதுகாவல் பணி என்று சுழல்முறையில் போகிறவர்களுக்கு இந்தக் கடிகாரமே இடம் மாறியிருக்கும். நீங்கள் வழக்கமாக எத்தனை மணிக்குத் தூங்கி எழுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது?

கை நரம்பிலிருந்து ஒரு சிறு குழாய் ரத்தம். அவ்வளவுதான். பெரும்பாலும் பட்டினி கிடக்கத் தேவையில்லை. வேறு பரிசோதனையும் சேர்ந்திருந்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டிசோல் ரத்தத்தில் மிக மிகக் குறைந்த அளவில்தான் இருக்கிறது. அதை அளக்க ஆய்வுக்கூடங்கள் எதிர்ப்பொருள் எனப்படும் புரதங்களைப் பயன்படுத்துகின்றன. இசை நாற்காலி விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பொருள்கள்தான் நாற்காலிகள். எண்ணிக்கை குறைவு. உங்கள் ரத்தத்திலுள்ள கார்டிசோலும், ஒளிரும் அடையாளம் ஒட்டப்பட்ட கார்டிசோலும் அந்த நாற்காலிகளுக்குப் போட்டி போடும். உங்களுடையது நிறைய இருந்தால், ஒளிர்பவற்றுக்கு இடம் கிடைக்காது. வெளிச்சம் குறையும். குறைவான வெளிச்சம் என்றால் அதிகக் கார்டிசோல்.

ஹார்மோன்களை இப்படிப் போட்டி முறையில் அளக்கும் உத்தியை, கதிரியக்க அடையாளத்தைக் கொண்டு நியூயார்க்கில் உருவாக்கியவர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். யாலோவுக்கு 1977ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குமுன் காலமாகிவிட்டார். இப்போது கதிரியக்கத்துக்குப் பதில் ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். இயந்திரம் தானாகவே செய்துவிடும்.

இதைவிடத் துல்லியமான வழியும் உண்டு. மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைநிறமாலை முறை அது. அதற்குச் சிறப்புக் கருவியும் அனுபவமுள்ள ஆட்களும் வேண்டும். எல்லா இடத்திலும் இருக்காது.

மருத்துவர் ஏசிடிஎச்சையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். அது எளிதில் சிதைந்துவிடும் என்பதால் அந்தக் குழாயைப் பனிக்கட்டியில் வைத்து வேகமாக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தாதி ஐஸ் பெட்டியோடு வந்தால் பயந்துவிடாதீர்கள்.

எண்ணைக் குழப்பும் 5 விஷயங்கள்

1. கருத்தடை மாத்திரை. ரத்தத்திலுள்ள கார்டிசோலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்யும். தனியாகத் திரிவதுதான் வேலை செய்யும். ஆனால் வழக்கமான ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை அந்தப் புரதத்தைக் கூட்டிவிடும். கர்ப்பமும் அப்படித்தான். கார்டிசோல் எண் ஏறும். ஆனால் உடலில் கோளாறு எதுவும் இருக்காது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரிடம் சொன்னால் போதும்.

2. பயோட்டின். முடி, நகம், சருமத்துக்கென்று விற்கும் மாத்திரைகளில் இருக்கும் வைட்டமின். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குச் சுமார் 30 மைக்ரோகிராம் போதும். கடையில் கிடைக்கும் சில மாத்திரைகளில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் இருக்கும்! சில வகை ஆய்வுக்கூடக் கருவிகளில் அது குறுக்கே புகுந்து, கார்டிசோலைப் பொய்யாக உயர்த்திக் காட்டலாம். பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள்.

3. ஸ்டெராய்டு மருந்துகள். மாத்திரை மட்டும் இல்லை. மூட்டில் போடும் ஊசி, ஆஸ்துமா இன்ஹேலர், எக்ஸிமாவுக்குப் பூசும் வலுவான கிரீம் எல்லாமே கணக்கு. பிரெட்னிசோலோன் மருந்தைச் சில கருவிகள் கார்டிசோல் என்றே தவறாக எண்ணிவிடும்.

4. உடல்நலக் குறைவு. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, விபத்து எல்லாம் கார்டிசோலை ஏற்றும். அது நோய் அல்ல, உடல் தன் வேலையைச் செய்கிறது.

5. நேரம். மேலே சொன்னதுதான். ரத்தம் எடுத்த நேரம் அறிக்கையில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிக்கை வந்துவிட்டது. எப்படிப் படிப்பது?

அரசாங்க மருத்துவமனையிலோ பலதுறை மருந்தகத்திலோ எடுத்த பரிசோதனை முடிவுகளை ஹெல்த்ஹப் செயலியில் நாமே பார்க்க முடிகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அளவலகைப் பாருங்கள். கார்டிசோலை லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்றும் சொல்வார்கள், டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்றும் சொல்வார்கள். டெசிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது லிட்டருக்குச் சுமார் 27.6 நானோமோல். அமெரிக்க இணையப் பக்கத்தில் "20 சாதாரணம்" என்று படித்துவிட்டு, உங்கள் அறிக்கையில் 400 இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டும் வேறு வேறு அலகு.

காலை வேளைக்கு ஆய்வுக்கூடங்கள் பொதுவாகக் குறிப்பிடும் வரம்பு ஏறத்தாழ 140இலிருந்து 690 நானோமோல் வரை. கருவிக்குக் கருவி மாறும். எனவே உங்கள் அறிக்கையில் அச்சாகியிருக்கும் வரம்புதான் உங்களுக்குச் செல்லும்.

இன்னொன்று: வரம்புக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை, வெளியே இருந்தால் நோய் என்று இதில் சொல்ல முடியாது. காலையில் 80, 90 நானோமோல் போல மிகக் குறைவாக இருந்தால் அட்ரினல் போதாமைக்கு வலுவான சந்தேகம். 500ஐத் தாண்டினால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் விலகிவிடும். நடுவில் இருப்பதுதான் சிக்கல். அதற்கு அடுத்த கட்டம் வேண்டும்.

ஓர் எண் போதாதபோது...

அட்ரினலைத் தட்டி எழுப்பும் சோதனை: ஏசிடிஎச் போன்ற செயற்கை மருந்தை ஊசிமூலம் செலுத்துவார்கள். வழக்கமான அளவு 250 மைக்ரோகிராம். பெயர் சைனாக்தென் சோதனை. ஊசிக்கு முன்பும், 30 நிமிடம் அல்லது 60 நிமிடம் கழித்தும் ரத்தம் எடுப்பார்கள். சுரப்பி நலமாக இருந்தால் கார்டிசோல் துள்ளி ஏறும். ஏறாவிட்டால் அட்ரினல் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். கையில் ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போங்கள், காத்திருக்க வேண்டியிருக்கும்.

அட்ரினலை அடக்கிப் பார்க்கும் சோதனை: இரவு 11 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் மாத்திரை. மறுநாள் காலை 8, 9 மணிக்கு ரத்தம். "ஸ்டெராய்டு ஏற்கெனவே வந்துவிட்டது" என்று மூளை ஏமாந்து ஏசிடிஎச்சை நிறுத்த, கார்டிசோல் 50 நானோமோலுக்கும் கீழே இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் குஷிங் சந்தேகம் தொடரும்.

உமிழ்நீரும் சிறுநீரும்: இரவில் தூங்கப்போகுமுன் பஞ்சை வாயில் மென்று தரும் உமிழ்நீர்ப் பரிசோதனை, 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துத் தரும் பரிசோதனை ஆகியவையும் கார்டிசோல் அதிகமா என்று பார்க்க உதவும். இரவு வேலை பார்ப்பவர்களுக்கு உமிழ்நீர்ப் பரிசோதனை பொருந்தாது.

முகம் உப்பியிருக்கு, ஆனா கார்டிசோல் இல்லை!

ஒரு பாட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முழங்கால் வலி. தெரிந்தவர் ஒருவர் எல்லை தாண்டிப் போனபோது ஒரு பாட்டில் மாத்திரை வாங்கிவந்து கொடுத்தார். "முழுக்க முழுக்க மூலிகைதான்". இரண்டு நாளிலேயே வலி போய்விட்டது. பாட்டிக்கு நன்றாகப் பசித்தது, கன்னம் புசுபுசுவென்று ஆனது. எல்லாருக்கும் சந்தோஷம்.

சில மாதங்களில் சர்க்கரை ஏறியது. கை தோல் காகிதம்போல் மெலிந்து, தொட்டாலே கன்றியது. மருத்துவர் பார்த்ததும் குஷிங்தான் நினைவுக்கு வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார். கார்டிசோல் அதிகமாக இருக்க வேண்டும் இல்லையா? ஏறக்குறைய இல்லவே இல்லை!

எப்படி?

முன்பு சொன்ன சங்கிலியை நினைத்துப் பாருங்கள். மாத்திரைக்குள் யாரோ டெக்சாமெத்தசோனைக் கலந்திருக்கிறார்கள். உடலின் கார்டிசோலைவிட அது சுமார் 25 மடங்கு வலுவானது. மூளை அதைப் பார்த்து "போதும் போதும்" என்று ஏசிடிஎச்சை நிறுத்திவிட்டது. அட்ரினல் தூங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனை உடல் தானே தயாரிக்கும் கார்டிசோலை அளக்கிறது. டெக்சாமெத்தசோனைப் பெரும்பாலும் அது கண்டுகொள்ளாது. ஆகவே உடலில் ஸ்டெராய்டு வெள்ளம், அறிக்கையில் வறட்சி.

அந்த முரண்பாடுதான் துப்பு. தோற்றம் "அதிகம்" என்கிறது, ரத்தம் "இல்லை" என்கிறது. அப்படியென்றால் ஸ்டெராய்டு வெளியிலிருந்து வருகிறது.

இது வெறும் கற்பனை இல்லை. வலி நிவாரணி, "பாரம்பரிய" மருந்து என்ற பெயரில் விற்கப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் கலந்திருந்ததைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. லேபிளில் அது இருக்காது. சில பொருள்களில் வலி மருந்தும் ஒவ்வாமை மருந்தும் சேர்ந்தே கலக்கப்பட்டிருந்தன.

மருத்துவர் முறையாகக் கொடுக்கும் ஸ்டெராய்டிலும் இது நேரலாம். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஏமி ஷூமரின் முகம் உப்பியிருப்பதைப் பற்றி 2024ஆம் ஆண்டில் இணையத்தில் பலரும் கேலியாகப் பேசினர். பிறகு அவரே சொன்னார்: ஸ்டெராய்டு ஊசிகளால் குஷிங் நோய்க்குறி வந்திருந்தது.

அப்போ உடனே நிறுத்திடலாமா?

வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள்.

பல வாரங்களாக ஸ்டெராய்டு உள்ளே போய்க்கொண்டிருந்தால் அட்ரினல் தூங்கிக்கொண்டிருக்கும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அது மறுநாளே விழித்துக்கொள்ளாது. வாரங்கள், மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஓர் ஆண்டையும் தாண்டும். அந்த இடைவெளியில் வெளியிலிருந்தும் ஸ்டெராய்டு இல்லை, உள்ளிருந்தும் கார்டிசோல் இல்லை. அப்போது ஒரு சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால்கூட உடல் தாங்காது. அதற்கு அட்ரினல் நெருக்கடி என்று பெயர்.

அறிகுறிகள்:

- தொடர் வாந்தி, கடும் வயிற்று வலி
- எழுந்து நிற்க முடியாத தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவது
- குழப்பமாகப் பேசுவது, தூக்கக் கலக்கம், மயக்கம்

இப்படி இருந்தால் 995 எண்ணை அழையுங்கள். "இவர் ஸ்டெராய்டு கலந்திருக்கக்கூடிய மருந்து சாப்பிட்டார், சமீபத்தில் நிறுத்தினார்" என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவ உதவியாளரிடம் சொல்லுங்கள். மருந்து பாட்டிலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை எளிமையானது: ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் உப்புநீர்ச் சொட்டும். பெரியவர்களுக்கு முதலில் 100 மில்லிகிராம். இங்கே ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்; ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு மருந்தைக் கொடுத்துவிடுவார்கள்.

நெருக்கடி இல்லாத நிலையில், மருத்துவர் அந்த மாத்திரைக்குப் பதிலாக அளவு தெரிந்த ஒரு ஸ்டெராய்டைக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார். இடையிடையே காலைக் கார்டிசோலைப் பார்ப்பார். 2024ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியின்படி, காலை எண் 300 நானோமோலைத் தாண்டினால் அட்ரினல் விழித்துக்கொண்டது எனலாம். 150க்குக் கீழே இருந்தால் ஸ்டெராய்டைத் தொடர்ந்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் கொடுக்கும் அளவை அப்படியே வைத்துக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தூங்கிய சுரப்பி எழுந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள இந்தப் பரிசோதனைதான் கண்.

பாட்டியிடம் எப்படிக் கேட்பது?

மருத்துவர் "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் பெரியவர்கள் பலர் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை. மூலிகை அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. திட்டுவார்கள் என்ற பயமும் இருக்கும்.

ஆங்கிலத்தில் மருத்துவர் கேட்டதைத் தமிழில் பெயர்த்துச் சொல்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: "பாட்டி, முட்டி வலிக்கு என்ன எடுத்துக்கிறீங்க? நல்லா கேக்குதா? எங்க வாங்குனீங்க? எனக்கும் காட்டுங்களேன்." கோபப்படாமல் கேட்டால் பாட்டில் தானாக வெளியே வரும்.

பாட்டிலைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று எழுதிக்கொண்டு, பாட்டிலோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தேவைப்பட்டால் அதைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அடுத்த வீட்டுப் பாட்டியும் அதே பாட்டிலை வைத்திருக்கலாம், இல்லையா?

"அட்ரினல் களைப்பு" உண்மையா?

மன அழுத்தத்தால் அட்ரினல் "சோர்ந்துபோய்" கார்டிசோல் குறைகிறது என்று சமூக ஊடகத்தில் சொல்வார்கள். மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட நோயாக அது இல்லை. உங்கள் களைப்பு உண்மைதான். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் உறுதியாகவில்லை. ரத்தச்சோகை, தைராய்டு கோளாறு, நீரிழிவு, தூக்கத்தில் மூச்சுத் திணறல், மனச்சோர்வு என்று கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல இருக்கின்றன. "அட்ரினல் களைப்பு" என்று பெயர் வைத்து மாத்திரை வாங்கினால், அவற்றைத் தேடாமல் விட்டுவிடுவீர்கள். "அட்ரினலுக்குத் துணை" என்று விற்கும் சில பொருள்களிலேயே ஸ்டெராய்டு இருக்கக்கூடும் என்பது இன்னொரு ஆபத்து.

பரிசோதனைக்குப் போகுமுன்...

- எத்தனை மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று உறுதிப்படுத்துங்கள். காலை என்றால் காலைதான்.
- கடந்த சில மாதங்களில் உட்கொண்ட, பூசிய, உறிஞ்சிய, ஊசியாகப் போட்ட எல்லாவற்றையும் கைப்பேசியில் பட்டியலிடுங்கள். படம் எடுத்தாலும் போதும்.
- கருத்தடை மாத்திரை, கர்ப்பம், பயோட்டின், இரவு வேலை ஆகியவற்றை மறக்காமல் சொல்லுங்கள்.
- ஸ்டெராய்டு எடுப்பவர் என்றால், பரிசோதனை நாளன்று காலை மருந்தை எடுக்கலாமா, ரத்தம் கொடுத்த பிறகு எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.
- முடிவு வந்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எண்ணை மட்டும் கொடுத்துக் கேட்காதீர்கள். நேரமும் மருந்துப் பட்டியலும் இல்லாத கார்டிசோல் எண், தேதி இல்லாத பேருந்து அட்டவணை மாதிரி.

அடுத்த முறை "கார்டிசோல் முகம்" காணொளி வந்தால் தள்ளிவிட்டுப் போகலாம். வார இறுதியில் பாட்டி வீட்டுக்குப் போகும்போது, சாப்பாட்டு மேசை ஓரத்தில் இருக்கும் அந்த மருந்து டப்பாவை மட்டும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கேற்ற ஆலோசனையை மருத்துவரிடம் பெறுங்கள்.)